பழைய வீட்டின் அங்கணமும் சலவை இயந்திரமும்

குற்றால மலையின் அடிவாரத்தில், சிற்றாற்றின் கசிவும் வயல்களின் பாய்ச்சலும் மண்ணை எளிதில் காயவிடாத இலஞ்சியில், இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுப்பிய வீடுகளைத் திருத்த முற்படுகிறவர்கள், பெரும்பாலும் பின்கட்டு அங்கணத்தில்தான் கை வைக்கிறார்கள். துவைகல் கிடந்த அந்தச் சரிந்த தளத்துக்கு இப்போது வாஷிங் மெஷின் வந்துவிட்டது. வந்த சில நாட்களிலேயே அது குலுங்கி நகரத் தொடங்கியதும், தரையை முழுவதும் மட்டமாக்கிச் சுவருக்குச் சிமென்ட் பூசி ஓடு பதித்துவிடலாம் என்ற யோசனை பிறக்கிறது. அந்த யோசனை வீட்டுக்குக் கேடு செய்யும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மட்டம் வேண்டியது இயந்திரத்தின் நான்கு கால்களுக்கே அன்றி அறைக்கு அன்று; அறைக்கு வேண்டியது, உள்ளே வந்த ஜலம் தரை, சுவர், காற்று ஆகிய எல்லா வழியாகவும் தடையின்றி வெளியேறுவதே.

பிழியும் வேகத்தில் இயந்திரத்தின் உருளை நிமிடத்துக்கு 1,000 முறை சுழல்வதாகவும், ஈரத்துணி ஒரு பக்கமாகத் திரண்டு அரைக் கிலோ எடை, மையத்திலிருந்து கால் மீட்டர் தள்ளி, ஈடு செய்யப்படாமல் நிற்பதாகவும் கொண்டால், அந்த அரைக் கிலோ உருளையை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 140 கிலோ எடைக்குச் சமம். அதுவும் விநாடிக்குப் பதினாறு முறைக்கு மேல் திசையைச் சுற்றி வரும் இழுப்பு. வேகத்தைப் பாதியாக்கினால் விசை நாலில் ஒன்றாகிவிடும். நான்கு கால்களில் ஒன்று தரையைச் சரியாகத் தொடாமல் நின்றால், இந்த இழுப்பே அதைத் தூக்கித் தூக்கி அடிக்கிறது. ஆகவே தளத்தில் ஒரு மூலையை மட்டும் கெட்டித்த மண் தெரியும்வரை தோண்டி, நான்கங்குலக் கனத்தில் கான்கிரீட் மேடை போட்டு, அதிர்வு பழைய காரைச் சுவருக்குத் தாவாதபடி இரண்டங்குலம் விலக்கி வைப்பது போதும்.

அந்த மேடையை மட்டம் பார்க்க, ரசமட்டத்தைவிட நம் கொத்தனார்கள் கையாளும் டியூப் மட்டத்தையே நான் விரும்புவேன். கண்ணாடிபோல் தெளிந்த நீண்ட குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு மூலைகளில் பிடித்தால், இடையில் தரை எத்தனை மேடு பள்ளமாயினும் இரண்டு நீர்முகங்களும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். குழாயின் நடுவில் ஒரு காற்றுக் குமிழி தங்கினால் கணக்குப் பிசகும் என்பதால், தேர்ந்த கொத்தனார் முதலில் குழாயைத் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டுத்தான் சுவரில் கோடு கிழிப்பார். தளத்தின் மற்றப் பகுதிக்கு, பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டங்குலம் வரை, சாக்கடைவாயை நோக்கி வாட்டம் இருக்க வேண்டும். முன்னோர் அமைத்த சரிவு பெரும்பாலும் அதற்கு அதிகமாகவே இருக்கும். அதை நிரவிவிடுவது வீண் செலவு.

சுவரின் விஷயம் இன்னும் நுட்பமானது. செங்கல்லும் காரையும் எண்ணற்ற நுண்துளைகளால் ஆனவை. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலமுள்ள துளையில் நீர் தானாகவே அரையடி ஏறும். அதிலும் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள துளையில் ஐந்தடி ஏற வல்லது. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் வைக்காத பழைய சுவரில் இப்படித்தான் ஓதம் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை முகப்பு முழுவதும் ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால், ஏறுவதும் காய்வதும் ஓரிடத்தில் சமமாகி ஓதம் தாழ்வாகவே நின்றுவிடும். ஆவியை எளிதில் விடாத சிமென்ட்டை அதன்மேல் பூசினால் ஈரம் அழிவதில்லை. வெளியேற இடம் தேடி மேலே ஏறுகிறது. சிமென்ட் முடிந்த விளிம்புக்குச் சற்று மேலே பழைய காரை பொரிந்து உதிர்வதை எத்தனையோ வீடுகளில் காணலாம். நீரோடு வந்த உப்பு, நீர் ஆவியானதும் துளைக்குள்ளேயே படிகமாகிப் பருத்துச் சுவரை உள்ளிருந்து நெருக்குவதன் விளைவு அது.

ஆதலால் உதிர்ந்த இடத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தையே மீண்டும் பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதே முறை. தண்ணீர் தெறிக்கும் பக்கத்தில், ஓடு ஒட்டுவதற்குப் பதிலாக ஒரு கடப்பைக் கல்லைச் சுவரிலிருந்து விரற்கடை விலக்கி நிறுத்தினால், தெறிப்பும் தடைபடும், சுவரும் காயும்.

சாரல் காலத்தில் துணியை உள்ளேயே உலர்த்துகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 25 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 23 கிராம். ஆனி ஆடியில் காற்று அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை ஏற்கெனவே சுமந்து வருவதாக வைத்துக்கொண்டால், பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையின் காற்று முழுவதும் இன்னும் ஏற்றுக்கொள்ளக் கூடியது ஏறத்தாழ 80 கிராம்தான். பிழிந்த பின்னும் ஆறு கிலோ துணியில் தங்கியிருக்கும் நீரோ மூன்று லிட்டர் அளவில் இருக்கும். அது உலர வேண்டுமானால் அறையின் காற்று நாற்பது முறையாவது முற்றிலும் மாற வேண்டும்! ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு விசிறியைச் சுழலவிடுவதால், அந்த ஈரம் துணியிலிருந்து சுவருக்கு இடம் மாறுகிறதே தவிர வேறொன்றும் நடப்பதில்லை.

நல்ல வேளையாக, அந்தப் பருவத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று இவ்வட்டாரத்துக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். தென்காசிக் கோபுர வாசலில் அதன் விசையை உணராதவர் யார்? மேற்குச் சுவரில் சாரல் புகாதவாறு சாய்வுப் பலகைகள் வைத்த திறப்பும், கிழக்குச் சுவரில் கூரையை ஒட்டி அதைவிடப் பெரிய திறப்பும் அமைத்துவிட்டால், காற்று மோதும் பக்கத்தில் அழுத்தமும் மறுபக்கத்தில் இழுப்பும் உண்டாகி, மின்சாரச் செலவின்றியே அறைக் காற்று மாறிக்கொண்டிருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று மட்டும்: ஓதமேறிய சுவரில் செருகுவாயைப் பதிக்காமல் மார்பளவு உயரத்தில் உலர்ந்த இடத்தில் வைத்து, நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் சாதனமும் கட்டாயம் பொருத்த வேண்டும்.

வேலையைத் தை மாதத்தில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் சற்றே உலர்ந்ததும் தொடங்கலாம். சுண்ணாம்பு, காற்றில் பதினாயிரத்தில் நான்கு பங்கே உள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டுதான் மறுபடி கல்லாகிறது. அதற்கு வாரக்கணக்கில் அவகாசமும், அவ்வப்போது தெளிக்கும் நீரும் தேவை. பங்குனிக்குள் பூச்சை முடித்துவிட்டால், வைகாசி இறுதியில் சாரல் விழத் தொடங்குமுன் அதன் மேற்புறம் ஈரத்தைத் தாங்கும் அளவுக்கு இறுகியிருக்கும்.