10,080 காரணிகள் கொண்ட எண்

அக்குறணையில் கண்டி–மாத்தளை வீதியோரக் கடைகளில் டசின் கணக்கு இன்னும் வழக்கொழியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. டசினை இரண்டாக, மூன்றாக, நாலாக, ஆறாகப் பிரித்துக் கொடுக்கலாம். பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும்தான் பிரிக்க முடியும். 12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. அடுத்து 24க்கு எட்டு, 36க்கு ஒன்பது, 48க்குப் பத்து, 60க்குப் பன்னிரண்டு.

இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணித் தொகையில் முந்துகிற எண்களைத் தேடிப் போனவர், ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், மறு ஆண்டே இலண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இவ்வெண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 1916இல் அவருக்குப் பட்டம் கிடைத்ததும் இந்த ஆய்வுக்காகத்தான். கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று இருக்கிறது. எல்லாம் கையால் போட்ட கணக்கு. அதன் கடைசி எண் 6,746,328,388,800.

முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் அது இப்படி வரும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இதிலிருந்து ஒரு காரணியை உண்டாக்க, 2ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஆறு தடவை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3க்கு ஐந்து வழி. 5க்கும் 7க்கும் மும்மூன்று. மிச்சமுள்ள ஐந்து முதன்மை எண்களுக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080. ஏறத்தாழ இதே பருமனுள்ள 2⁴²க்கு வெறும் 43 காரணிகள்தான்.

சுட்டிகள் 6, 4, 2, 2, பிறகு எல்லாம் 1. எங்குமே ஏறவில்லை, ஏறவும் முடியாது. சிறிய முதன்மை எண்ணைவிடப் பெரியதற்குக் கூடிய சுட்டி இருந்தால், இரண்டு சுட்டிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள்: காரணித் தொகை அப்படியே இருக்க, எண் மட்டும் சிறுத்துவிடும். பிறகு பழைய எண் முந்தியதாகச் சொல்ல வழியில்லை. கடைசி முதன்மை எண்ணின் சுட்டி 1ஆகவே இருக்கும், 4உம் 36உம் மட்டுமே விதிவிலக்கு என்பதையும் இராமானுஜன் நிறுவினார். சாதாரணதரப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய சுட்டிக் கணக்கு இவ்வளவு ஆழத்துக்குப் போவதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

இலண்டன் கணிதச் சங்கத்தில் அப்போது பணத்தட்டுப்பாடு. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபான் இருவரின் குறிப்புகளோடு 1997இல்தான் ஆய்விதழில் வந்தது.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருப்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்: 293,318,625,600. அட்டவணையின் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது அதே எண்தான்! அதற்கு 5,040 காரணிகள். 23ஆல் பெருக்கும்போது அவை ஒவ்வொன்றுக்கும் 23 மடங்கான இன்னொரு காரணி சேர்கிறது; 10,080 வந்தது அப்படித்தான்.