மலையிலிருந்து இறங்கும்போது



தலைநகரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சனி, ஞாயிறு இரண்டு நாள் விடுமுறையில் குடும்பத்தை எங்கே அழைத்துச் செல்வார்கள்? பெரும்பாலும் கேமரன் மலைக்குத்தான். கோலாலம்பூரில் விடியற்காலை புறப்பட்டு, வழியில் தோட்டத்திலிருக்கும் அப்பா, அம்மா, அத்தை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, தாப்பாவில் விரைவுச்சாலையை விட்டு மலைப்பாதைக்குத் திரும்புகிறோம். தாப்பா வரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கிருந்து தானா ராத்தாவுக்கு 60 கிலோமீட்டர். இந்த அறுபதில்தான் வளைவுகள் அத்தனையும்.

ஏறும்போது எல்லாரும் கவனமாக இருக்கிறோம். எஞ்சின் சூடாகிறதா, பிள்ளைக்கு வாந்தி வருகிறதா என்று பார்க்கிறோம். இறங்கும்போது மட்டும், வண்டி தானாகப் போகிறதே என்று நிம்மதியாகக் கண்ணயர்ந்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு குடும்பமாக வாடகை வேனில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ரிங்லெட் தாண்டியதும் ஏதோ கருகும் நாற்றம். முதலில் மூக்கைச் சுளித்தவர்கள் பின்னால் இருந்த பெண்கள்தான். முன்பு தோட்டத்து லோரி ஓட்டிய பெரியவர் ஒருவர், “தம்பி, நாலாங் கியர்லயா இறங்குறீங்க? ஓரமா நிறுத்துங்கய்யா” என்றார். பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக அமுங்குவதை அந்தப் பையன் முன்பே உணர்ந்திருக்கிறான். எல்லாரும் பயந்துவிடுவார்களே என்று சொல்லாமல் ஓட்டியிருக்கிறான்! சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர்ப் புட்டியோடு ஓடிய ஒருவரையும் பெரியவர் தடுத்துவிட்டார். சூடேறிய இரும்பில் திடீரென்று தண்ணீர் பட்டால் அது கோணிப்போகும், வெடிக்கவும் கூடும்.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள வேன் அங்கிருந்து தாப்பாவுக்கு இறங்கினால், வெளிப்படும் ஆற்றல் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதாவது ஐந்து மண்ணெண்ணெய் டின் தண்ணீர். காற்றும் டயரும் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கின்றன. மீதி முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டும் என்று விட்டுவிட்டால் பிரேக் கட்டையின் பிடிப்பு தளர்ந்துவிடும். பிரேக் எண்ணெயும் கொதிக்கும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சிக்கொள்வது. பழைய எண்ணெயானால் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். மிதியை அமுக்கினால் குமிழிதான் நசுங்குமே தவிர, சக்கரம் நிற்காது. இதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள்.

இந்தச் சுமையை எஞ்சினோடு பங்குபோட்டுக்கொள்வதே வழி. தாழ்ந்த கியரில் பெட்ரோல் மிதியை விட்டுவிட்டால், எஞ்சின் சக்கரத்தை ஓட்டுவதில்லை. சக்கரம்தான் எஞ்சினை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. அந்த இழுவையில் வண்டி அடங்கிப் போகும். எஞ்சின் உறுமும். உறுமட்டும், சிவப்புக் கோட்டைத் தொடாத வரை கெடுதல் இல்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லோரிக்காரர்களின் கணக்கு. தானியங்கிக் கியர் வண்டியில் ‘டி’யிலேயே விட்டுவிடாமல் ‘எல்’, ‘எஸ்’ போன்ற இடத்துக்கு மாற்ற வேண்டும். எழுத்து வண்டிக்கு வண்டி வேறுபடும். வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக்கை ஓயாமல் லேசாக மிதித்துக்கொண்டே வருவதும் தவறு. அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்து, உடனே காலை எடுத்துவிட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று கியரை விலக்கிவிட்டு உருள விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மிச்சம் ஒரு தேநீர்க் காசுகூடப் பெறாது.

2013 ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஆகவே கருகல் நாற்றம் வந்தால், ஓட்டுகிற பிள்ளை என்ன நினைப்பானோ என்று பின்னிருக்கையில் யாரும் வாய்மூடி இருக்க வேண்டாம். நாற்றம் இல்லாவிட்டாலும், தாப்பா போகும் வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி சாலையோரமாகவே இருக்கிறது. அரை மணி நேரம் நிறுத்துங்கள். பிள்ளைகள் கால் நனைத்துக்கொண்டிருக்கட்டும், பிரேக்கும் ஆறிவிடும்.