காவியா, அரக்கா?

நமது வீட்டுக் கூடத்துக்கு வர்ணம் பூசுவதென்று தீர்மானித்தோம். காவி, செங்கல், அரக்கு என்று மூன்று மாதிரிச் சீட்டுகள் வந்தன. மூன்றும் உடன்பிறந்தவை போலிருந்தன. வீட்டிலோ மூன்று கட்சிகள் பிறந்துவிட்டன!

காவி மண்ணிலே பிறந்த நிறம். அதற்குச் சிவப்பைத் தருவது இரும்புத் துரு. மஞ்சட்காவியைச் சுட்டால், அதிலுள்ள நீர் நீங்கிச் செங்காவியாகும். மாங்கனீஸும் கலந்த மண்ணானால் நிறம் பழுப்பேறிக் கருமை கொள்ளும். இத்தனை நெருங்கிய நிறங்களைச் சீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்?

சுவரிலேயே இரண்டடிச் சதுரமாகப் பூசி, நன்கு உலர்ந்தபின் பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கொளியிலும் பார்ப்பதே முறை. அவ்வாறே பார்த்தோம். பகலில் கண்ணைக் கவர்ந்த அரக்கு, இரவில் கறுத்துப் போயிற்று. செங்கல் மங்கிற்று. காவி மட்டும் தன் குணம் மாறவில்லை.

வெற்றி முழக்கம் செய்யப் போகுந் தருணத்தில், அந்தக் கூடத்திலேயே அமர்ந்து தினமும் புத்தகம் படிக்கும் நம் தாயார், "எந்த நிறமானாலும் சரி, எனக்கு எழுத்துத் தெரிய வேண்டுமே!" என்றார்.

அடர்ந்த நிறம் வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்பதை நாம் மறந்தே போயிருந்தோம். முடிவில் ஒரு சுவருக்குக் காவி, மற்ற மூன்றுக்கும் வெள்ளை. கட்சிகளும் கலைந்தன, தாயாரின் புத்தகமும் திறந்தது.