பூஞ்சணம் தந்த குளிகை

சென்ற தவணை முடிவில் எமது ஆசிரியர் அறையில் நண்பரொருவர் தமது இரத்தப் பரிசோதனை அறிக்கையை மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டினார். கொலஸ்திரோல் குறைந்துவிட்டதாம்; ஆதலாற் குளிகையையும் நிறுத்திவிட்டாராம். பௌதிகம் கற்பிக்கும் அவரே இவ்வாறு எண்ணினால் ஏனையோரைக் குறை கூறுவதெங்ஙனம்? அக்குளிகை வந்த வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு செய்யார்.

கொலஸ்திரோல் நஞ்சன்று. உடலிலுள்ள ஒவ்வொரு கலத்துக்கும் அது வேண்டும். அதிற் பெரும்பங்கை உடலே ஆக்கிக்கொள்கிறது. அத்தொழிலில் ஈரலுக்கு முதன்மையான இடமுண்டு. இரத்தத்தில் அது மிகுந்தால் நாடிகளின் உட்சுவரிற் படிந்து வழியை ஒடுக்கும். நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. முதல் அறிகுறியே மாரடைப்பாதலும் உண்டு. (தேங்காயிற் கொலஸ்திரோல் இல்லையே என்று எம்மவர் வாதிடுவர். உண்மைதான், ஆயினும் அதிலுள்ள நிரம்பிய கொழுப்பு இரத்தக் கொலஸ்திரோலை உயர்த்தவல்லது.)

யப்பானின் வடபகுதியில் உழவர் குடும்பமொன்றில் 1933 இற் பிறந்த அக்கிரா எண்டோ இளமையிலேயே காளான்களிலும் பூஞ்சணங்களிலும் ஈடுபாடு கொண்டவர். கொலஸ்திரோல் ஆக்கத்துக்கு இன்றியமையாத நொதியத்தைத் தடுக்கும் பொருளை ஏதேனுமொரு பூஞ்சணம் சுரக்கக்கூடும் என அவர் எண்ணினார். சங்கியோ என்னும் மருந்து நிறுவனத்தில் 1971 இல் தொடங்கி ஏறத்தாழ 6000 நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1973 இல், அரிசியிற் படர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சணமொன்றில் அவர் தேடிய பொருள் கிடைத்தது. ஆனால் அதனை எலிகளுக்குக் கொடுத்தபோது இரத்தக் கொலஸ்திரோல் குறையவேயில்லை!

வேறொருவராயின் கைவிட்டிருப்பர். எண்டோவோ கோழிகளை நினைத்தார். முட்டையிடும் கோழியின் இரத்தத்திற் கொலஸ்திரோல் மிகுதியன்றோ? உடன் பணியாற்றிய ஒருவரின் கோழிகளுக்கு 1976 இல் அம்மருந்தை ஊட்டியபோது அது ஏறக்குறைய அரைவாசியாயிற்று. ஆயினும் நாய்களிற் கண்ட தீங்கை அஞ்சி நிறுவனம் 1980 இல் அம்முயற்சியை நிறுத்தியது. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு மருந்தே 1987 இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது. இவ்வினத்தை ஸ்ரற்றின் என்பர். எண்டோ அவற்றால் உரிமைப் பணமெதுவும் பெறாமலே 2024 இல் மறைந்தார். இருதய நோயாளர் 4444 பேரிடம் நடத்திய ஆய்வொன்று, இவ்வின மருந்தொன்று மரணத்தை 30 சதவீதத்தாற் குறைத்ததென 1994 இற் காட்டியது.

இக்குளிகை படிந்த கொழுப்பைக் கழுவித் துடைக்கும் மருந்தன்று. ஈரலின் நொதியத்தை அது தடுக்கிறது. தனக்குத் தேவையான கொலஸ்திரோல் குறையவே, ஈரல் இரத்தத்திலுள்ளதைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. குளிகையை நிறுத்தினால் தடையும் நீங்கும். சில வாரங்களில் இரத்தம் பழைய நிலைக்குத் திரும்பும். நண்பரின் அறிக்கை காட்டியது நோய் நீங்கியதையன்று, மருந்து வேலை செய்ததையே. தசைநோவு முதலியன சிலருக்கு உண்டாகலாம். அப்போது அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் வைத்தியர் செய்யவேண்டியவை.

இவற்றையெல்லாம் கேட்ட நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். மறுநாள் வைத்தியரிடம் சென்று வந்து, “கோழிக்குப் பலித்தது எனக்கும் பலிக்கட்டும்” என்றார்.