சிறு பொருளாற் கணினியைப் புதுக்குதல்

பழைய மேசைக் கணினியின் வேகத்தைச் சிறு பொருள் செலவிட்டுக் கூட்ட விழையும் மாணவர் நம்முட் பலர். புதியதொன்று வாங்க இயலாதார்க்கு உறுப்புகளுள் ஒன்றிரண்டை மாற்றுதலே ஏற்ற வழியாம். அவற்றுள் எதனை முதற்கண் மாற்றுவது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கணினியின் வேகம் ஓர் உறுப்பினால் மட்டும் அமைவதன்று. கணக்கிடும் தொழிலைப் பிராசஸர் செய்யும். அப்போதைக்கு நடைபெறும் வேலையை ராம் என்னும் நினைவகம் தாங்கும். யாவற்றையும் நிலையாகச் சேமித்து வைப்பது ஹார்ட் டிஸ்க். வண்டியிற் பூட்டிய இரு காளைகளுள் ஒன்று நொண்டியாயின் மற்றதன் வலிமை பயன்படாது. ஆகலின், நொண்டும் உறுப்பு யாதெனக் காண்டலே முதற்கடன். கணினி தாமதிக்கும் வேளையில் விண்டோஸிலுள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எவ்வுறுப்பு நூற்றுக்கு நூறாக உழைக்கின்றதென நோக்கின் அது விளங்கும்.

பழைய கணினிகளிற் பெரும்பாலும் நொண்டுவது ஹார்ட் டிஸ்க்கேயாம். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க, விநாடியின் ஆயிரங்கூற்றில் எட்டுக்கு மேற் செல்லும். எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்திலோ சுழல்வதும் நகர்வதும் இல்லை. ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை படிக்க, சாட்டா இணைப்புள்ள எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 வரை படிக்கும். 256 ஜிகாபைட் அளவினதை விண்டோஸுக்கென வாங்கிப் பழைய டிஸ்க்கைக் கோப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம். மாற்றுமுன் கோப்புகளைப் பிறிதோரிடத்திற் படியெடுத்தல் இன்றியமையாதது. அடுத்து, ராம் 4 ஜிகாபைட்டாயின் 8 ஆக்குதல் நலம்.

இவ்விடத்து என் அறியாமையையும் கூறுதல் வேண்டும். என் தமையனார் எனக்கு உதவிய கணினிக்கு, பல மாதம் சேர்த்த பணத்தால் டி.டி.ஆர். 4 வகை ராம் வாங்கினேன். அக்கணினியோ டி.டி.ஆர். 3 வகையது. முன்னதற்கு முனைகள் 288, பின்னதற்கு 240. பொருந்தவில்லை, கடையாரும் திரும்பப் பெற இசைந்திலர். மதர்போர்டின் பெயரைக் குறித்துக்கொண்டு சென்றிருப்பின் அவ்விழப்பு நேர்ந்திராது.

பிராசஸர் மாற்றுவோர்க்கு இவ்வெச்சரிக்கை இன்னும் வேண்டும். இன்டெலின் ஆறாம், எட்டாம் தலைமுறைப் பிராசஸர்களுக்கு முனைகள் 1151 என ஒத்திருப்பினும், முன்னதற்குரிய போர்டிற் பின்னது இயங்காது. கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் பவர் சப்ளையை நோக்குக. போர்டின் துளைவழி 75 வாட் வரையே மின்சாரம் கிடைக்கும். அதற்கு மேற்பட்டது வேண்டுமாயின் தனிக் கம்பி வேண்டும். கட்டுரை எழுதுவார்க்கு அக்கார்டே வேண்டுவதின்று.

இன்னுமொன்று. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கப் பழைய பிராசஸர்கள் பல தகுதியற்றவை. அவற்றிற்குப் பெருஞ்செலவு செய்தல் வீண். என் கணினியும் அவ்வகையதாகலின், எஸ்.எஸ்.டி. ஒன்று மட்டும் சேர்த்து, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினேன். முன்னர் ஐந்து நிமிடம் காக்கவைத்த அது, இன்று ஒரு நிமிடத்திற்குள் எழுகின்றது. தமிழில் தட்டெழுதவும் கட்டுரை வரையவும் அது போதும்.

ஆகவே நண்பர்காள், பணப்பையைத் திறக்குமுன் கணினிப் பெட்டியைத் திறந்து பார்ப்பீர்களாக.