புது டயர் போட்டும் ஹேண்டில் உதறுதா? வீட்டிலேயே பைக் டயரை மாற்றி, பேலன்ஸ் செய்வது எப்படி?

போன வாரம்தான் புது டயர் போட்டிருக்கிறீர்கள். ஆபீஸ் போகும்போது எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் 80-ஐத் தாண்டியதும் ஹேண்டில் லேசாக உதறுகிறது. கடையில் கேட்டால், "பைக்குக்கு எதுக்கு சார் பேலன்சிங்? அதெல்லாம் காருக்குத்தான்" என்கிறார்கள்.

உண்மையில் பைக்குக்கும் அது தேவை. வார இறுதியில் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் உட்கார்ந்து நாமே செய்துவிடலாம். ஆனா, சில இடங்களில் மட்டும் அவசரம் கூடாது.

20 கிராம் என்ன செய்துவிடும்?

17 இன்ச் வீலில், ரிம்மின் ஒரு பக்கம் வெறும் 20 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் அது சுமார் 1 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் வீலை வெளிப்பக்கம் இழுக்கும். 100 கி.மீ. வேகத்தில் 2 கிலோ அல்ல, கிட்டத்தட்ட 4 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதுவும் வினாடிக்குச் சுமார் 15 முறை. சிட்டி டிராஃபிக்கில் தெரியாத குறை, ஹைவேயில் தெரிவது இதனால்தான்.

வாங்கும்போதே பாருங்க

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுகிறார்களா என்று இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். அளவு, டியூப்லெஸ்ஸா இல்லையா என்பதையும் பைக்கின் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

கழற்றுவது எப்படி?

பைக்கை சென்டர் ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்தி வீலைக் கழற்றுங்கள். ஸ்பேசர்கள் எந்தப் பக்கம் இருந்தன என்பதை முதலில் மொபைலில் போட்டோ எடுத்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கயிற்றால் கட்டுங்கள். வீல் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடவே கூடாது. தொட்டால் பேடுகள் நெருங்கிவிடும், திரும்ப டிஸ்க் உள்ளே போகாது.

வால்வு பின்னைக் கழற்றி காற்றை முழுவதும் இறக்குங்கள். அடுத்தது, ரிம்மோடு ஒட்டியிருக்கும் டயரின் விளிம்பை, அதாவது பீடை, இரண்டு பக்கமும் உள்ளே தள்ள வேண்டும். டியூப்லெஸ் டயரில் கஷ்டமான கட்டம் இதுதான்.

பலர் லீவரை வளைப்பதும் ரிம்மைக் கீறுவதும் இதற்கு அடுத்த கட்டத்தில். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பீடை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். இந்தப் பக்கம் டயர் தானாகத் தளர்ந்து கொடுக்கும். சோப்புத் தண்ணியைத் தாராளமாகத் தடவி, ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலம் மட்டும் தூக்குங்கள். ரொம்ப பலம் தேவைப்பட்டால், எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம்.

புது டயரை ஏற்றும்போது

பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி வீல் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வையுங்கள். டியூப் உள்ள டயர் என்றால், டியூபில் கொஞ்சம் காற்று ஏற்றி உள்ளே வையுங்கள். லீவரில் சிக்கிக் கிழியாது.

காற்று ஏற்றும்போது 'டப்' என்ற சத்தத்தோடு பீட் ரிம்மில் உட்காரும். உட்காரவில்லையே என்று பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டிப் போகாதீர்கள். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணி தடவி மறுபடி முயலுங்கள்.

மெஷின் இல்லாமல் பேலன்சிங்

ஒரே உயரமுள்ள இரண்டு ஸ்டாண்டுகள் போதும். ஆக்ஸிலை வீலில் செருகி அவற்றின் மேல் வையுங்கள். பழைய எடைகளை எடுத்துவிட்டு மெதுவாகச் சுற்றி விடுங்கள். எடை கூடிய பக்கம் கீழே வந்து நிற்கும். இரண்டு, மூன்று முறை அதே இடம் கீழே வந்தால், நேர் மேலே ரிம்மில் 5 அல்லது 10 கிராம் எடையை டேப்பால் தற்காலிகமாக ஒட்டுங்கள். வீலை எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நின்றால் பேலன்ஸ் ஆகிவிட்டது. பிறகு ரிம்மைத் துடைத்து, ஒட்டும் எடைகளை நிரந்தரமாக ஒட்டலாம்.

கிளம்புவதற்கு முன்

ஆக்ஸில் நட்டை மேனுவலில் சொன்ன டார்க் அளவில் முறுக்குங்கள். பின் வீல் என்றால் செயின் தளர்வையும், வீல் நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது ரொம்ப முக்கியம். வண்டியை எடுப்பதற்கு முன்பே, லீவர் கெட்டியாகும் வரை பிரேக்கைப் பல முறை அழுத்துங்கள். காலிப்பரைத் திரும்ப மாட்டியதும் பேடுகள் டிஸ்க்கை விட்டு விலகியிருக்கும். முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காமலே போகலாம். அது தெரு முனையில் தெரியவரக் கூடாது.

புது டயரின் மேல்பரப்பு வழுக்கும் என்பதால் முதல் 100 கி.மீ. வரை வளைவில் சாய்ப்பதும் சடன் பிரேக்கும் வேண்டாம். மறுநாள் காலையில் காற்றைச் சரிபாருங்கள். இறங்கியிருந்தால் பீடிலோ வால்விலோ கசிவு இருக்கிறது.

இதில் ஏதாவது ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தால், வீலை மட்டும் கழற்றி கடைக்கு எடுத்துப்போங்க. பாதி வேலையைக் கடையில் முடிப்பதில் தப்பே இல்லை.