"நான் படுத்தா இவரை யாரு பாப்பா?"

நோயாளியைப் பார்ப்பவரே நோயாளி ஆனால்...? பல வீடுகளில் பதில் இல்லாத கேள்வி!

திருவேங்கடம்:

விடியற்காலை நாலரை மணி. தெரு இன்னும் விழிக்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

அந்த வீட்டு அம்மாளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கணவருக்கு பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்துவிட்டு, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு, எட்டு மணிக்குத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓட வேண்டும். மத்தியானம் ஒரு தடவை ஓடி வந்து பார்க்க வேண்டும். ராத்திரியும் முழுத் தூக்கம் கிடையாது. படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணிக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிவிட வேண்டுமே!

பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் ஒரு வீட்டுக் கதையாகப் போய்விடும். இது பல வீட்டுக் கதை. திருவேங்கடத்தில் மட்டுமல்ல, சங்கரன்கோவிலிலும் தென்காசியிலும் உங்கள் தெருவிலும் இப்படி ஒரு விளக்கு எரியும்.

ஒரு நாள் அந்த அம்மாளுக்கே அடிவயிற்றில் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டுகிறாள். கடைசியில் டாக்டரிடம் போனால், "கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் பண்ணணும். அதுக்கப்புறம் ஒண்ணரை மாசம் வெயிட் தூக்கக் கூடாது" என்கிறார்.

குடம் தூக்கக் கூடாது, சரி. அறுபத்தைந்து கிலோ மனுஷனைத் தூக்கலாமா?

"பார்க்கலாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறாள். சீட்டு அலமாரிக்குள் போகிறது. கேட்டால் ஒரே பதில்தான்: "நான் படுத்தா இவரை யாரு பாப்பா?"

ஆஸ்பத்திரி வரை வழி உண்டு

ஏழைகளுக்கு வைத்திய வசதியே இல்லை என்று சொல்ல முடியாது. 108க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை செலவுக்கு இடம் உண்டு. ஆபரேஷனுக்குப் பணம் இல்லை என்பது மட்டும் அல்ல இந்த அம்மாளின் பிரச்சினை.

ஆஸ்பத்திரியில் இவள் படுத்திருக்கும் அந்த ஒரு வாரம், வீட்டில் கஞ்சி கொடுப்பது யார்? திரும்பி வந்த பிறகு ஒன்றரை மாதம் ஆளைப் புரட்டுவது யார்? காப்பீட்டு அட்டையில் இதற்கு இடம் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மகள் கட்டிக் கொடுத்த ஊரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். எத்தனை நாள் லீவு போட முடியும்?

மருந்து வருகிறது, ஆள் வருவதில்லை

2021 ஆகஸ்டு 5ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்பு சிகிச்சையும், இயன்முறைப் பயிற்சியும் இதில் உண்டு.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகை 2023ல் 1,500 ரூபாயில் இருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்க வேண்டும் என்று பேசுகிறது.

ஆக மருந்து வருகிறது, ஓரளவு பணமும் வருகிறது. பார்ப்பவர் படுத்துவிட்டால் அவர் இடத்தில் நிற்க ஓர் ஆள்? அதுதான் வருவதில்லை.

மலைக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு கணவாய் ஏறி இறங்கினால் கேரளம். அங்கே படுக்கை நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கென்றே 'ஆஸ்வாசகிரணம்' என்று ஒரு திட்டம் வைத்தார்கள். மாதம் 600 ரூபாய். பெரிய தொகை இல்லை. தவணை தவறி வருகிறது என்ற முறையீடும் உண்டு. ஆனாலும் 'பார்க்கிறவளும் ஓர் ஆள்' என்று சர்க்கார் ஏட்டில் எழுதினார்களே, அது பெரிது.

ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு நடக்கிறது. வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர் காய்ச்சலில் படுத்தாலோ, சற்று ஓய்வு எடுக்கப் போனாலோ, மாற்று ஆளுக்கான செலவை அந்தக் காப்பீடு சில வாரங்களுக்கு ஒரு வரம்பு வரை ஏற்கிறது. நம் திருவேங்கடத்து அம்மாள் கேட்பதும் அதைத்தானே!

ஆய்க்குடி காட்டிய வழி

வெளிநாடு வரை போவானேன்? தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி இருக்கிறது.

1975ல் கடற்படை அதிகாரி வேலைக்கான தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981ல் சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எழுந்து உட்காரவும் அடுத்தவர் கை வேண்டும் என்ற நிலையை அனுபவித்து அறிந்தவர் கட்டிய இடம் அது.

வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்கே இச்சங்கத்தின் பணியாளர்கள் போகிறார்கள். குழந்தைக்குப் பயிற்சி தருவதோடு நிற்காமல், எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது என்று தாய்க்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தாயின் சுமை எவ்வளவு என்பதையும் கேட்டு அளந்தார்கள். பயிற்சிக்குப் பிறகு அந்தச் சுமை குறைந்தது என்று ஆய்வுக் கட்டுரையாகவே வந்திருக்கிறது. பார்ப்பவரையும் சேர்த்துப் பார்த்தால் நோயாளிக்கும் நல்லது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்று ராத்திரியே செய்யுங்கள்

வீட்டில் நோயாளி இருக்கிறாரா? பார்ப்பவர் நீங்கள்தானா? அப்படியானால் இதைக் கவனியுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்த மாத்திரை எந்த வேளை, கஞ்சி எந்தப் பதம், எந்தப் பக்கம் திருப்பினால் வலிக்கும், எந்த டாக்டர், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் மயங்கி விழுந்தால் அந்த நோட்டுத்தான் பேசும்.

இன்னொருவருக்கு இப்போதே பழக்கிவிடுங்கள். நாத்தனாரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி, வாரம் ஒரு தடவை கூட இருந்து பார்க்கட்டும். ஆபத்து வந்த அன்றைக்குக் கற்றுக்கொள்ள முடியாது.

மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம் உங்கள் கையையும் நீட்டுங்கள். "எனக்கும் பிரஷர் பாரு தாயி" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முதியோர் சம்பந்தமான உதவிக்கு 14567 என்ற எண்ணும், உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணும் உண்டு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றவர்கள், தங்களுக்குப் பிறகு யார் என்று கலங்குகிறார்கள். 1999ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டரைக் கொண்ட குழு மூலம் சட்டபூர்வ காப்பாளரை நியமிக்க வழி இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை, அடுத்த வீட்டில் இருப்பவர்களுக்கு. அந்த அம்மாள் தானாக வந்து உதவி கேட்கமாட்டாள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், கணவரின் உடம்பைப் பற்றித்தான் பதில் சொல்லுவாள். அலமாரியில் கிடக்கும் சீட்டைப் பற்றி வாய் திறக்கமாட்டாள்.

நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்.

"மதினி, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. அண்ணாச்சியை நாங்க பாத்துக்கிடுதோம்."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் பல வீடுகளில் ஆபரேஷன் சீட்டு காத்துக் கிடக்கிறது!